வீடு இல்லாத ஊரில் ஒரு மாலை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குக் கோடியில், கடலுக்குள் நீண்டு கிடக்கிறது புளோரிடா மாநிலம். அதற்கு அப்பெயர் வந்தது திருச்சபையின் பெருவிழா ஒன்றினால்தான் என்பது நம் வாசகர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். 1513-ஆம் ஆண்டு, உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டிய நாள்களில், ஹுவான் போன்சே தெ லெயோன் என்னும் இஸ்பானியர் கப்பலில் வந்து அக்கரையைக் கண்டார். உயிர்ப்புப் பெருவிழாவைப் 'பூக்களின் பாஸ்கா' என்று அழைப்பது இஸ்பானிய வழக்கு. அப்பூக்களின் பெயரையே அவர் அந்நிலத்திற்குச் சூட்டினார். பின்னர் 1565-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள், அன்னை மரியாளின் பிறப்பு விழாவன்று, இஸ்பானியர் அங்கே கரையிறங்கித் திருப்பலி நிறைவேற்றினர். அவ்விடத்தில் எழுந்த செயின்ட் அகஸ்டின் நகரம் இன்றும் உள்ளது.

ஆனால் இன்று புளோரிடா என்றதும் உலகத்தாருக்கு நினைவுக்கு வருவது அந்த மாலுமியும் அல்லர், அத்திருப்பலியும் அன்று. சிவப்புக் காற்சட்டை அணிந்து, பெரிய காதுகளுடன் சிரிக்கும் ஒரு சுண்டெலியே!

2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அருட்பணி நிமித்தமாக அம்மாநிலத்தின் ஆர்லாண்டோ பகுதியில் சில நாள்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. நம்மை வரவேற்று உபசரித்தது ஒரு தமிழ்க் குடும்பம். மனைவி மருத்துவமனைச் செவிலி. கணவர் மருந்துக் கடை ஒன்றில் பணிபுரிபவர். பதினொரு வயதில் ஒரு மகனும், ஏழு வயதில் ஒரு மகளும் உண்டு. ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த அம்மாச்சியும் உடன் இருந்தார். ஒரு சனிக்கிழமை மாலை இவர்களோடு நாம் சென்று கண்ட இடத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். அதன் பெயர் டிஸ்னி ஸ்பிரிங்ஸ். 'டிஸ்னி ஊற்றுகள்' என்று தமிழில் கூறலாம். உலகப் புகழ் பெற்ற டிஸ்னி வேர்ல்ட் என்னும் கேளிக்கைப் பூங்காக்களின் எல்லைக்குள் அமைந்த கடைவீதி அது.

பூங்காவிற்கே ஏன் செல்லவில்லை என்று வாசகர் கேட்கலாம். அங்கு ஒரு நாள் நுழைவுச்சீட்டு ஆளொன்றுக்கு நூறு டாலருக்கும் மேல். ஒரு குடும்பம் முழுவதும் சென்றுவர ஐந்நூறு, அறுநூறு டாலர் வேண்டும். அங்கேயே வாழும் குடும்பங்களுக்கும் அது ஆண்டுக்கொருமுறை எண்ணிப்பார்த்துச் செய்யும் செலவு. கடைவீதிக்கோ நுழைவுக் கட்டணம் இல்லை. வண்டி நிறுத்தவும் காசு இல்லை. ஆகவே ஆர்லாண்டோவின் நடுத்தரக் குடும்பங்கள் சனி, ஞாயிறு மாலைகளில் அங்கே திரள்கின்றன.

சதுப்பு நிலத்தில் எழுந்த கனவு

இவ்விடத்தின் வரலாறு சுவையானது. சித்திரப் படங்களால் புகழ் பெற்ற வால்ட் டிஸ்னி, 1960-களின் நடுவில், புளோரிடாவின் நடுப்பகுதியில் சதுப்பும் காடும் மாட்டுப் பண்ணைகளுமாய்க் கிடந்த நிலத்தை வெவ்வேறு நிறுவனங்களின் பெயரில் ஓசையின்றி வாங்கினார். வாங்குபவர் யார் என்று தெரிந்தால் விலை ஏறிவிடும் அல்லவா? 1965-இல் செய்தி வெளிப்படுவதற்குள் ஏறத்தாழ 27,000 ஏக்கர் கைக்கு வந்துவிட்டது. இது சான் பிரான்சிஸ்கோ மாநகரின் பரப்புக்கு ஏறக்குறைய நிகரானது.

அங்கே ஒரு பூங்காவை மட்டும் அமைப்பது அவர் எண்ணமன்று. உண்மையான மக்கள் வாழும் புதுமாதிரி நகரம் ஒன்றைக் கட்டவேண்டும்; அதில் இருபதாயிரம் பேர் குடியிருக்க வேண்டும் என்று 1966-இல் அவர் ஒரு படத்தில் தோன்றி விளக்கினார். அதே ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் அவர் காலமானார். அவருடைய அண்ணன் ராய் டிஸ்னி, ஓய்வு பெறும் வயதிலும் தம்பியின் பணியை ஏற்றுக்கொண்டார். 1971 அக்டோபர் 1-ஆம் நாள் பூங்காவைத் திறந்துவைத்தார். அடுத்த டிசம்பரிலேயே அவரும் கண்மூடினார். நகரக் கனவோ கைவிடப்பட்டது. அந்நகருக்கு வைத்த 'எப்காட்' என்ற பெயரில் 1982-இல் திறக்கப்பட்டது மற்றுமொரு பூங்காவே.

நாம் சென்ற கடைவீதியும் அத்தகைய குடியிருப்புக் கனவு ஒன்றின் எச்சமே. 1970-களில் அவ்விடத்தைச் சுற்றி வீடுகள் எழும், அவ்வீட்டாருக்கு நடுவில் ஒரு கடைத்தெரு வேண்டும் என்னும் திட்டத்தோடு 1975 மார்ச்சு 22-ஆம் நாள் அது தொடங்கப்பட்டது. கடைகள் நிலைத்தன, குடியிருப்புத் திட்டம் நிறைவேறவில்லை. அதன்பின் அக்கடைவீதி பலமுறை பெயர் மாறிற்று. 1989-இல் இரவுக் கேளிக்கை விடுதிகளுடன் ஒரு பகுதி அதனோடு சேர்க்கப்பட்டது. அவ்விடுதிகள் 2008-இல் மூடப்பட்டன. பிறகு பெரும் பொருட்செலவில் எல்லாம் மாற்றியமைக்கப்பட்டு, 2015 செப்டம்பர் 29 முதல் இன்றைய பெயர் வழங்கி வருகிறது.

ஊற்றும் ஊரும்

மாலை ஆறு மணிக்கு வண்டியை நிறுத்துமிடத்தில் விட்டோம். அதுவே ஒரு வியப்பு! பல அடுக்குகள் கொண்ட மாபெரும் கட்டடம். ஒவ்வோர் அடுக்கிலும் எத்தனை இடம் காலியாக உள்ளது என்று நுழைவாயிலிலேயே எண்கள் காட்டின. உள்ளே, ஒவ்வோர் இடத்தின் மேலும் ஒரு சிறு விளக்கு: காலியாக இருந்தால் பச்சை, நிரம்பியிருந்தால் சிவப்பு. தேடி அலையும் தொல்லை இல்லை, கூச்சல் இல்லை, கைகலப்பும் இல்லை. பைகளைச் சோதிக்கும் வாயிலைக் கடந்து, நகரும் படிக்கட்டில் இறங்கினோம். பிற்பகலில் இடியுடன் பெய்து ஓய்ந்திருந்த மழையால் வீதி கழுவிவிட்டாற்போல் மின்னியது.

நம் கண்முன் விரிந்தது ஒரு பழைய இஸ்பானிய ஊர்! வெள்ளைச் சுவர்கள், சிவப்பு ஓடுகள், வளைவு வாயில்கள், இரும்புப் பின்னல் மாடங்கள். அவற்றின் நடுவே தெளிந்த நீலப்பச்சை நிறத்தில் ஒரு நீரூற்று. அதிலிருந்து ஓடை ஒன்று புறப்பட்டு வீதியோரமாய்ச் சலசலத்து ஓடியது. சற்று நடந்தால் செங்கல் கிடங்குகளும் படகுத்துறையும் கொண்ட துறைமுகத் தெரு. அதற்கப்பால் மரவீடுகள் போன்ற கடைகள் கொண்ட பழைய சந்தை. மேற்கே, உயர்ந்த இரும்புத் தூண்கள்மேல் தொடர்வண்டிப் பாதை செல்வதுபோன்ற அமைப்பு.

இவற்றிற்கெல்லாம் ஒரு கதையும் சொல்லப்படுகிறது. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய காலத்தில் மாடு வளர்ப்போர் இங்கு ஓர் ஊற்றைக் கண்டனராம். அதனைச் சுற்றிக் குடியேறினராம். சிற்றூர் மெல்ல மெல்ல வளர்ந்து துறைமுக நகராயிற்றாம். கதை அழகானதுதான். ஆனால் அப்படியொரு குடியேற்றம் நடந்ததே இல்லை. ஊற்றும் மனிதர் அமைத்தது. பழமை தோன்றும் சுவர்களும் நேற்றுக் கட்டியவை. வந்தவர்கள் தாம் ஒரு கடைத்தொகுதியில் நடப்பதாக எண்ணாமல், ஓர் ஊரில் உலவுவதாக எண்ண வேண்டும் என்பதற்காகக் கட்டடக் கலைஞர்கள் புனைந்த வரலாறு அது.

உண்மையான ஊற்றுகளுக்குப் புளோரிடாவில் பஞ்சமில்லை என்பதுதான் வேடிக்கை. சுண்ணாம்புப் பாறைகளின் அடியில் ஓடும் நீர் மேலெழுந்து, ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஊற்றுகளாய் அம்மாநிலத்தில் பொங்குகிறது. ஆர்லாண்டோவிற்கு வடக்கே உள்ள வெகிவா ஊற்றில் கோடையிலும் குளிரிலும் நீரின் வெப்பம் ஏறத்தாழ 22 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கும். ஒக்காலாவுக்கு அருகே சில்வர் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊற்றில், அடிப்பலகைக்குப் பதில் கண்ணாடி பதித்த படகுகளில் மக்கள் 1870-கள் முதற்கொண்டு சென்று அடியில் நீந்தும் மீன்களைக் கண்டு வந்துள்ளனர். டிஸ்னியின் பூங்கா எழும் முன்னர் அம்மாநிலத்தின் பெருஞ்சுற்றுலாத் தலங்களுள் ஒன்றாக அது விளங்கியது. ஆண்டவன் தந்த ஊற்று ஒருபுறம் இருக்க, அதன் சாயலில் செய்த ஊற்றைக் காணப் பெருங்கூட்டம் வருகிறது. குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. சாயலும் அழகாகவே இருந்தது. குழந்தைகள் அதன் ஓரத்தில் குனிந்து நின்று மகிழ்ந்ததை நாமே கண்டோம்.

"வீடு ஒன்றையும் காணோமே?"

நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள், உணவகங்கள்! ஐம்பதாயிரம் சதுர அடி அளவில் பொம்மைகளும் உடைகளுமாய் நிறைந்த ஒரே கடை. சிறு பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கியே செய்த கடல் நாகம் ஒன்று ஏரி நீரிலிருந்து தலை நீட்டி நின்றது. ஓர் உணவகத்தின் உச்சியில் செயற்கை எரிமலை அவ்வப்போது நெருப்புக் கக்கியது. உலகின் பல நாடுகளில் விற்கும் குளிர்பானங்களைச் சிறு குவளைகளில் வரிசையாக வைத்துச் சுவைத்துப் பார்க்கும் மாடி ஒன்று. கம்பிவடத்தில் கட்டிய மாபெரும் பலூன் ஒன்று மக்களைச் சுமந்துகொண்டு 400 அடி உயரம் வரை சென்று இறங்கியது. ஐரிஷ், இஸ்பானிய, ஜப்பானிய உணவுகளோடு, பஞ்சாபில் பிறந்த மனீத் சௌகான் என்னும் சமையற்கலை அம்மையார் 2023-இல் தொடங்கிய இந்திய உணவகமும் நாம் சென்றபோது அங்கிருந்தது. சந்திதோறும் பாடகர்கள் நின்று இசைத்தனர்.

இவற்றையெல்லாம் பார்த்தவண்ணம் நடந்த அம்மாச்சி, ஏரிக்கரை இருக்கை ஒன்றில் அமர்ந்து, நெடுநேரம் சுற்றிலும் பார்த்துவிட்டு நம்மிடம் கேட்டார்:

"ஏன் சாமி, எங்கு பார்த்தாலும் கடையாகவே இருக்கிறதே! வீடு ஒன்றையும் காணோமே? இந்த ஊர்க்காரர்கள் எங்கே குடியிருக்கிறார்கள்?"

எத்துணை நேரான கேள்வி! சட்டப்படி அவ்விடம் லேக் புவனா விஸ்டா என்னும் நகராட்சியைச் சேர்ந்தது. நாள்தோறும் பல்லாயிரவர் வந்துபோகும் அந்நகரில் நிலையாகக் குடியிருப்போர் சில பத்துப் பேர் மட்டுமே. காரணம் இல்லாமல் இல்லை. குடியிருப்போர் வாக்காளர் ஆவர். வாக்காளர் வந்தால் பள்ளி கேட்பர். வரியைப் பற்றிக் கேள்வி எழுப்புவர். எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கும் வரும். 1990-களில் அந்நிறுவனம் செலிப்ரேஷன் என்னும் உண்மையான குடியிருப்பூரை அருகில் அமைத்தபோதும், அந்நிலத்தைத் தன் தனி ஆட்சி வட்டத்தின் எல்லையிலிருந்து நீக்கிவிட்டே அமைத்தது.

அம்மாச்சிக்கு இதை எளிமையாக எடுத்துச் சொன்னோம். "அப்படியென்றால் இது ஊர் இல்லை சாமி, திருவிழாக் கடைதான்" என்றார்.

நாம் எண்ணிப்பார்த்தோம். நம் பங்குத் திருவிழாக்களிலும் வளையல் கடை, பொம்மைக் கடை, மிட்டாய்க் கடை, இராட்டினம் எல்லாம் உண்டு. கொடியிறக்கம் ஆனதும் கடைகள் போய்விடும், ஊர் இருக்கும். அங்கேயோ கடைகள் நிலைத்திருக்கின்றன; ஊர்தான் ஒவ்வோர் இரவும் கலைந்துபோகிறது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோய் பரவியபோது அக்கடைவீதி மூடப்பட்டது. மே 20 முதல்தான் சிறிது சிறிதாகத் திறந்தனர். அந்த இரு மாதங்களில் நம் சிற்றூர்களிலும் கடைகள் அடைபட்டே கிடந்தன. ஆனால் வீடுகளில் அடுப்பு எரிந்தது. மாலையில் செபமாலை ஒலித்தது. அயலார் நிலை எப்படி என்று வேலிக்கு இப்பால் நின்றாவது விசாரித்தோம். வருகிறவர் நின்றுவிட்டால் வெறுமையாகிவிடுவது சந்தை. வருகிறவர் இல்லாத நாளிலும் ஒருவர்க்கொருவர் இருப்பதே ஊர்.

பத்து டாலர்

புறப்படும்போதே தந்தை பிள்ளைகளிடம் ஆளுக்குப் பத்து டாலர் கொடுத்திருந்தார். "இதற்குள் எது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், இதற்கு மேல் கேட்கக்கூடாது" என்பது கட்டளை. சிறுமி அந்தப் பெரிய கடையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுற்றினாள். எதை எடுத்தாலும் இருபது, முப்பது. எட்டும் உயரத்தில், தொட்டுப் பார்க்கும்படி, குழந்தைகளின் கண்மட்டத்திலேயே எல்லாம் அடுக்கியிருந்தனர். கடைசியில் ஒரு சிறு பொம்மை அகப்பட்டது: ஒன்பது டாலர் தொண்ணூற்றொன்பது காசு. வெற்றியோடு வரிசையில் நின்றாள்.

அந்நாட்டில் சீட்டில் எழுதிய விலையில் விற்பனை வரி சேர்ந்திராது; பணம் வாங்குமிடத்தில்தான் கூட்டுவர். அம்மாவட்டத்தில் வரி நூற்றுக்கு ஆறரை. ஆகவே கேட்ட தொகை பத்து டாலர் அறுபத்து நான்கு காசு. சிறுமியின் முகம் வாடிற்று. தந்தையின் கை சட்டைப்பையை நாடியது. ஆனால் கட்டளை இட்டவர் தாமே அல்லவா? தயங்கினார். அதற்குள் அண்ணன் தன் பணத்திலிருந்து ஒரு டாலரை எடுத்து நீட்டிவிட்டான். ஒருவரும் அவனைத் தூண்டவில்லை.

அவனுடைய மீதிப் பணத்தில் பாதிக்கு மேல், பெயர்பெற்ற ஒரு கடையில் அரை இராத்தல் எடையுள்ள பிஸ்கோத்து ஒன்றுக்குச் சென்றது. அதற்கு நீண்ட வரிசை. வாங்கி வந்ததை ஏரிக்கரையில் ஆறு பங்காக்கினோம். "பாதர், உங்களுக்குத்தான் பெரிய துண்டு" என்றான் பையன். "அதை அம்மாச்சிக்குக் கொடு" என்றோம். "சர்க்கரை வியாதிக்காரிக்கு எதற்கு?" என்று சொல்லிக்கொண்டே அவர் வாங்கி உண்டார்!

அன்றிரவு அக்கடைவீதியில் நாம் கண்ட குடும்பங்கள் பற்பல. கைநிறையப் பைகள் சுமந்து, முகம் இறுகிப்போய், ஒருவரோடொருவர் பேசாமல் நடந்தவர்களும் உண்டு. ஒன்றும் வாங்காமல், பாடகரின் இசைக்குக் குழந்தையைத் தோளில் தூக்கி ஆடிய தந்தையும் உண்டு. எதையும் வாங்கித் தர இயலாத பெற்றோர் பிள்ளைகள்முன் தாழ்ந்துபோவதாக எண்ணுகின்றனர்; அந்த எண்ணத்தின்மேல்தான் பெருவணிகம் நடைபெறுகிறது. பிள்ளைகள் உள்ளபடியே கேட்பது வேறு. அன்று காற்றும், ஏரியில் ஆடிய விளக்கொளியும், இசையும், கைபிடித்து நடக்கப் பெற்றோரும் ஆகிய யாவும் காசில்லாமலே கிடைத்தன.

விளக்குகளுக்குப் பின்னால்

எளிய உணவகம் ஒன்றில் இரவு உணவு உண்டோம். பரிமாறிய பெண்மணி போர்ட்டோ ரிக்கோ தீவைச் சேர்ந்தவர். 2017-இல் மரியா என்னும் புயல் அத்தீவைச் சூறையாடியபின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுப் புளோரிடாவில் வந்து குடியேறின. அவரும் அப்படி வந்தவரே. நாம் குரு என்று அறிந்ததும், "என் மகனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள், பாதர்" என்றார். இரண்டு பேருந்து மாறி வேலைக்கு வருவதாகவும், வீடு திரும்பும்போது மகன் உறங்கிவிடுவான் என்றும் கூறினார். பிற குடும்பங்கள் கூடி மகிழும் சனிக்கிழமை மாலையே அவருக்கு மிகுந்த வேலை நேரம்.

வாசகர்கள் ஒன்றை அறிந்துகொள்வது நலம். அந்நாட்டில் உணவு பரிமாறுவோரின் ஊதியத்தில் பெரும்பகுதி வாடிக்கையாளர் தரும் அன்பளிப்பே. நாம் சென்றபோது புளோரிடாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 டாலர். அன்பளிப்புப் பெறும் பணியாளருக்கோ முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டியது 8 டாலர் 98 காசு மட்டுமே. எஞ்சியது உண்பவர் தரவேண்டியது. ஆகவேதான் அங்கே உணவுத் தொகையில் நூற்றுக்கு 18 அல்லது 20 பங்கு சேர்த்துக் கொடுப்பது வழக்கமாக உள்ளது. நம்மவர் சிலர் இதை அறியாமல் சில்லறையை வைத்துவிட்டு எழுந்துவிடுகின்றனர்.

அப்பூங்காக்களில் பணிபுரிவோர் தொழிற்சங்கம் அமைத்துப் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக, 2018-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி தொடக்கநிலை ஊதியம் 2021-க்குள் மணிக்கு 15 டாலரையும், 2023 உடன்பாட்டின்படி அவ்வாண்டு இறுதிக்குள் 18 டாலரையும் எட்டியது. ஆனால் இது அந்நிறுவனத்தின் சொந்தப் பணியாளர்க்கு உரியது. கடைவீதியின் பல கடைகளையும் உணவகங்களையும் நடத்துவோர் பிறர். வாடகையோ ஆண்டுதோறும் ஏறுகிறது. சில மைல் தொலைவில், 192-ஆம் எண் நெடுஞ்சாலையோரம், சுற்றுலாப் பயணியர்க்கெனக் கட்டிய மலிவு விடுதிகளின் ஒற்றை அறைகளில், வீடு பிடிக்க முன்பணம் சேர்க்க இயலாத குடும்பங்கள் வாரவாடகை கொடுத்து வாழ்கின்றன. அக்குழந்தைகளின் வாழ்வை வைத்து 2017-இல் ஒரு திரைப்படமே வெளிவந்தது. அதன் பெயர் 'புளோரிடா திட்டம்'. டிஸ்னியின் பெருங்கனவுக்குத் தொடக்கத்தில் வழங்கிய பெயரும் அதுவே.

வீடு இல்லாத ஊருக்கு உழைப்பவர்களிலும் சிலருக்கு வீடு இல்லை. அம்மாச்சியின் கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது.

வழிப்போக்கரின் ஆலயம்

கோயில் இல்லாத ஊரில் குடியிருக்க வேண்டாம் என்பது நம் முன்னோர் மொழி. குடியிருப்பவரே இல்லாத ஊருக்குக் கோயில் எதற்கு என்று யாரும் விட்டுவிடவில்லை. பூங்கா திறந்த சில ஆண்டுகளிலேயே, விடுமுறைக்கு வரும் கத்தோலிக்கர் ஞாயிறு திருப்பலிக்கு வழியின்றித் தவித்தனர். 1970-களில் மறைமாவட்டக் குரு ஒருவர் அப்பூங்காவின் விடுதிகளுக்கே சென்று திருப்பலி நிறைவேற்றலானார். கூட்டம் பெருகவே, அன்றைய ஆர்லாண்டோ ஆயர் மேதகு தாமஸ் கிரேடி, பயணியர்க்கென்றே ஓர் ஆலயம் எழுப்பத் துணிந்தார். அகில உலகின் அரசியாகிய மரியன்னையின் பெயரால் எழுந்த அக்கோயில் 1993-இல் அர்ச்சிக்கப்பட்டது. 2009-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் அதனைப் பேராலய நிலைக்கு உயர்த்தினார். கடைவீதியிலிருந்து வண்டியில் சில நிமிடத் தொலைவே.

மறுநாள் ஞாயிறன்று அங்கே திருப்பலியில் பங்குகொண்டோம். விந்தையான கோயில் அது! அதற்கெனப் பங்கு எல்லை இல்லை. நிலையான பங்கு மக்கள் இல்லை. இந்த வாரம் வந்தவர் அடுத்த வாரம் வரமாட்டார். முந்திய மாலை கடைவீதியில் கண்ட அதே சுண்டெலிப் படம் பொறித்த பனியன்கள் பீடத்தின் முன்னும் வரிசையாக அமர்ந்திருந்தன. பிரேசில் நாட்டார், மெக்சிகோ நாட்டார், பிலிப்பைன்ஸ் நாட்டார், நம் கேரளத்துச் சகோதரர்கள் எனப் பலர். வந்தவர் எவரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் "உங்களுக்குச் சமாதானம் உண்டாகுக" என்று திரும்பியபோது, முன்பின் அறியாத கரங்கள் நீண்டன, முகங்கள் மலர்ந்தன. அங்கே எவரும் எதையும் விற்கவில்லை, வாங்கவும் இல்லை. ஊர் என்று நாம் சொல்வது, வீடுகள் இல்லாத அவ்விடத்திலும் அந்த ஒரு மணி நேரம் உருவாகி நின்றது. வெளியே வந்ததும் அம்மாச்சி, "இங்கே ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள் சாமி" என்றார்.

இன்று நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு மகனோ மகளோ அயல்நாட்டில் வாழ்கின்றனர். பேரப்பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோரை அவர்கள் இத்தகைய இடங்களுக்கு ஆசையோடு அழைத்துச் செல்வர். தயங்காமல் செல்லுங்கள். மனிதர் தம் அறிவாலும் கைத்திறத்தாலும் ஆக்கியதைக் கண்டு வியப்பதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் புறப்படும் முன்பே இவ்வளவுதான் செலவு என்று குடும்பமாக அமர்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பரிமாறுகிறவரின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். அவர்க்குரியதைக் குறைக்காமல் கொடுங்கள். பிள்ளைகளைக் கடைக்குள் விட்டுவிட்டு வெளியே கைப்பேசியில் ஆழ்ந்துவிடாமல் அவர்களோடு நடங்கள். மறுநாள் ஞாயிறாயின் அன்னையின் ஆலயத்திற்கும் சென்று வாருங்கள்.

செல்ல வாய்ப்பில்லாதவர் வருந்த வேண்டியதில்லை. கோடிக்கணக்கில் செலவிட்டும் அங்கே கட்டி முடிக்க இயலாமற்போன ஒன்று நம் தெருவில் இருக்கிறது. அயல்வீட்டில் ஒருநாள் விளக்கு எரியாவிட்டால், "என்ன ஆயிற்று?" என்று கதவைத் தட்டிக் கேட்கும் மனிதர் இருக்கின்றனர். அத்தெருக்களிலும் இப்போது கதவுகள் மெல்ல மெல்ல அடைபட்டு வருகின்றன. அவை முற்றிலும் அடைபடாமல் காப்பது நம் குடும்பங்களின் கையில் உள்ளது.